தாமதத்துக்கும் சேர்த்து எண்ணெய்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நன்றி வழிபாட்டில் ஆற்றப்பட்ட உரை)



இந்த நன்றி வழிபாட்டில் பேசும் பொறுப்பை 1999ஆம் ஆண்டு சாதாரண தரப் பரீட்சை எழுதிய எங்கள் வகுப்பிடம் ஒப்படைத்தீர்கள். ஒருவர் இங்கு நின்று வாசித்தாலும் இது வகுப்பில் பலர் கூடியிருந்து எழுதிய உரை. ஆகவே நாங்கள் என்றே பேசுகிறோம். கிறிஸ்தவ நம்பிக்கையும் கடைசி நாட்களும் என்ற தலைப்பைச் சங்கமே தந்தது. நூறு வயதைக் கொண்டாடும் வீட்டில் உலக முடிவைப் பற்றியா பேசுவது என்று முதலில் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இந்த விஷயத்தில் எங்கள் வகுப்புக்கு ஒரு கடன் இருப்பது நினைவுக்கு வந்தது. அதை இன்று உங்கள் முன் சொல்லிவிட விரும்புகிறோம்.

1999ஆம் வருடம் எப்படி இருந்தது என்று மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2000 பிறந்ததும் கம்பியூட்டர்கள் எல்லாம் நின்றுவிடும், பாங்கில் போட்ட காசு போய்விடும், ஆகாயத்தில் பறக்கும் விமானம் விழுந்துவிடும் என்று கடைத்தெருவெல்லாம் பேச்சு. அந்த வேளையில் ஒரு தோட்டத்து லயங்களில் இரவுக் கூட்டம் நடத்த வெளியிலிருந்து ஒரு போதகர் வந்துபோனார். அவருடைய பெயரும் சபையின் பெயரும் இங்கே தேவையில்லை. உலகத்தின் வயது ஆறாயிரம் வருடம், அது முடியப்போகிறது என்று துணியில் எழுதிய ஒரு பட்டியலைச் சுவரில் தொங்கவிட்டுக் கம்பால் தொட்டுத் தொட்டு விளக்கினார். ஸ்டோரில் வேலை செய்த ஒரு தகப்பன் அதை முழு மனதோடு நம்பினார். அவருடைய மகள் எங்கள் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வருகிறவள். ஆண்டவர் வரப்போகிறார், இனி உனக்குப் பரீட்சை எதற்கு என்று அவளை மறித்துவிட்டார். இரண்டாம் தவணையோடு அவள் வருவது நின்றது.

நாங்கள் என்ன செய்தோம்? சிரித்தோம். அவள் இருந்த வாங்கைப் பரலோக வாங்கு என்று பெயர் வைத்தோம். பிறகு பரீட்சை நெருங்கியது, அவளை மறந்தோம். அவளுடைய லயம் பாடசாலையிலிருந்து இரண்டு மைல் ஏற்றம். எங்களில் ஒருவர்கூட அந்த மலையேறிப் போய், ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

2000 பிறந்த காலையில் அந்தத் தோட்டத்தில் வழக்கம்போலப் பிரட்டுக்கு ஆள் கூப்பிட்டார்கள். போதகர் மறுபடி அந்தப் பக்கம் வரவில்லை. அந்த மாதமே அவள் பேர் பதிந்து கூடை தூக்கினாள். பின்னர் வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போனாள், வந்தாள், குடும்பமானாள். இன்று அவளுடைய மகள் இதே பாடசாலையில் படிக்கிறாள். எங்கள் தோழி இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். அவளுடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம்.

இந்த உரையைப் பற்றிப் பேச அவள் வீட்டுக்குப் போனபோது, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு அவள் சொன்னது இது: "எங்கப்பாவ யாரும் ஏச வேணாம். ஆண்டவர் வருவாருன்னு நம்புனாரு, அது பிழையில்ல. நான் கேக்குறது ஒன்னுதான். அவரு வாற வரைக்கும் நான் பள்ளிக்கூடம் போயிருந்தா ஆண்டவருக்கு என்ன கொறைஞ்சிருக்கும்?"

அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

எட்டாம் வகுப்பில் மத்தேயு சுவிசேஷத்தின் இருபத்தைந்தாம் அதிகாரத்தை எங்களுக்குக் கற்பித்த டீச்சரை மறக்க முடியாது. மணவாளனை எதிர்கொள்ளப் போன பத்துக் கன்னியரின் உவமை அது. பெண்கள் பாடசாலையில் படித்த எவருக்கும் அந்தக் கதை மனப்பாடம். ஐந்து பேர் புத்தியுள்ளவர்கள், ஐந்து பேர் புத்தியில்லாதவர்கள். தூங்காமல் விழித்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் பாடம் என்று நாங்கள் எழுதிவைத்தோம். டீச்சர் அதைச் சிவப்பு மையால் வெட்டினார். நன்றாக வாசியுங்கள், பத்துப் பேருமே தூங்கினார்கள் என்றார்.

உண்மைதான். பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது. பத்துப் பேரும் அவரை எதிர்பார்த்தே புறப்பட்டார்கள். பத்துப் பேருக்கும் தூக்கம் வந்தது. வித்தியாசம் ஒன்றே ஒன்று. ஐந்து பேர் தனியாக ஒரு பாத்திரத்தில் எண்ணெயும் கொண்டுபோனார்கள். மற்ற ஐந்து பேர் ஏன் கொண்டுபோகவில்லை? மணவாளன் இப்போதே வந்துவிடுவார் என்று நினைத்தார்கள். அவர் வரமாட்டார் என்று சொன்னவர்கள் யாரும் அந்தக் கதையில் இல்லை. மிக விரைவாக வருவார் என்று கணக்குப் போட்டவர்கள்தான் இருட்டில் நின்றார்கள். குப்பி விளக்கில் படித்த எங்கள் தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. மண்ணெண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துத்தானே புத்தகத்தைத் திறந்தோம்.

ஆக, கிறிஸ்தவ நம்பிக்கை என்பது தாமதத்துக்கும் சேர்த்து எண்ணெய் கொண்டுபோவது. நாங்கள் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனிச் சொல்வதெல்லாம் இதற்கான சாட்சிகள்.

ஆண்டவர் மீண்டும் வருவார், உயிரோடிருப்போரையும் மரித்தோரையும் நியாயந்தீர்ப்பார், மரித்தோர் எழும்புவர் என்பதைத் திருச்சபை ஒவ்வொரு ஞாயிறும் விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுகிறது. நாங்களும் அறிக்கையிடுகிறோம். ஆனால் அந்த நாளையும் மணியையும் பிதாவைத் தவிர ஒருவருமே அறியார், தாமும் அறியேன் என்று சொன்னவர் ஆண்டவரே. அவர் அறியேன் என்றதை அறிவேன் என்று சொல்கிறவர் யாராயிருந்தாலும், அவர் துணிப் பட்டியல் வைத்திருந்தாலும் கைத்தொலைபேசியில் வீடியோ போட்டாலும், கொஞ்சம் தள்ளி நின்றே கேட்க வேண்டும்.

இது புதிய நோய் அல்ல. தெசலோனிக்கேயா சபையில் சிலர் ஆண்டவரின் நாள் வந்துவிட்டது என்று கலங்கினார்கள், சிலர் வேலையையே விட்டுவிட்டுத் திரிந்தார்கள். கூடாரம் தைத்துப் பிழைத்த பவுல் அவர்களுக்கு எழுதிய அறிவுரை, அமைதியாக வேலை செய்து சொந்தச் சோற்றைச் சாப்பிடுங்கள் என்பதுதான். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவரின் கணிப்பை நம்பிய ஆயிரக்கணக்கானோர் 1844 ஒக்டோபர் 22 அன்று இரவெல்லாம் காத்திருந்து, விடிந்ததும் அழுதார்கள்.

நமது மூதாதையர் பலர் புறப்பட்டு வந்த பக்கத்திலும் இது நடந்தது. 1860இல் திருநெல்வேலியில், அருளப்பன் என்ற தமிழ் ஊழியரைச் சூழ்ந்து ஒரு பெரிய எழுப்புதல் உண்டானது. அந்த எழுப்புதல் மலை தாண்டித் திருவிதாங்கூருக்கும் போனது. அங்கே யுஸ்துஸ் யோசேப்பு என்ற குருவானவர் இருந்தார். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து 1861இல் ஞானஸ்நானம் பெற்றவர், நல்ல பாடகர், புலமையால் வித்வான்குட்டி என்று அழைக்கப்பட்டவர். 1875இல் அவர், இன்னும் ஆறு வருடத்தில், 1881இல், ஆண்டவர் வருவார் என்று அறிவித்துத் தனிச் சபை கண்டார். 1881 வந்தது, போனது. பலர் பழைய சபைகளுக்குத் திரும்பினார்கள். ஆனால் அவர் மலையாளத்தில் இயற்றிய கீர்த்தனைகளைக் கேரளத்துச் சபைகள் இன்றைக்கும் பாடுகின்றன. அவர் போட்ட கணக்குப் பொய்த்தது, அவர் பாடிய துதி நிலைத்தது. ஆகவே எங்கள் தோழியின் தகப்பனைப் போலவே அவரையும் நாங்கள் ஏசமாட்டோம். அந்த ஏக்கம் நல்லது, அதற்கு நாள் குறித்ததுதான் பிழை.

அதே 1881இல் இந்த மலைகளில் என்ன நடந்துகொண்டிருந்தது? ஒரு உலகம் உண்மையாகவே முடிந்துகொண்டிருந்தது. 1869இல் கோப்பி இலையில் கண்ட நோய் தோட்டந்தோட்டமாக ஏறி, பத்துப் பதினைந்து வருடங்களில் கோப்பியையே அழித்தது. துரைமார் பலர் கடனில் மூழ்கினார்கள். வேலையிழந்த நமது பாட்டன் பாட்டிமார் பசியோடு வந்த வழியே திரும்பினார்கள், மிஞ்சியவர்கள் தேயிலைக்கு மாறினார்கள். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தது 1867இல், நோய் வருவதற்கு இரண்டு வருடம் முன்னால். ஒன்று முடியுமுன்பே மற்றது மண்ணுக்குள் இறங்கியிருந்தது. தோட்டத்தில் வளர்ந்த நமக்குக் கவ்வாத்து தெரியும். வெட்டி முடித்த மலையைப் புதிதாகப் பார்க்கிறவர் செத்துப்போன செடிகள் என்றே நினைப்பார். தோட்டத்துக்காரர் மூன்று மாதம் பொறு என்பார்.

முடிவுகள் அதோடு நிற்கவில்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதுவரை வாக்களித்தவர்கள் ஒரே சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று கணக்குப் பிரித்தார்கள். எங்கள் அம்மாமாரின் வகுப்புப் படங்களை எடுத்துப் பாருங்கள். முதல் வருடப் படத்தில் இருக்கும் முகங்களில் பல அடுத்த வருடப் படத்தில் இல்லை. கோச்சி ஏறித் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் போன பிள்ளைகள் அவர்கள். சிலர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி கொழுந்தே பறித்தார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் கட்டிப்பிடித்து அழுத சிநேகிதிகளுக்கு அதைவிட வேறு உலக முடிவு வேண்டியிருக்கவில்லை.

அந்தக் காலத்துப் பிரசங்கங்களில் அதிகம் கேட்ட வசனம் ஒன்று உண்டு என்று மூத்த அக்காமார் எங்களிடம் சொன்னார்கள். பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில், நமது குடியுரிமை பரலோகத்தில் இருக்கிறது என்ற கருத்தில் வருகிற வசனம். காகிதமில்லாத மக்களுக்கு அது எவ்வளவு ஆறுதல்! எந்த அலுவலகமும் தராத மரியாதையை அது தந்தது. அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அதே வசனம், இங்கே உரிமை இல்லாவிட்டால் என்ன, அங்கே கிடைக்கும், சும்மா இரு என்று வாயை அடைக்கவும் பயன்பட்டது.

பிலிப்பி எப்படிப்பட்ட ஊர்? ரோமாபுரியின் குடியேற்ற நகரம். ஓய்வுபெற்ற போர்வீரர்களை அங்கே குடியமர்த்தினார்கள். அவர்கள் ரோமாபுரியின் குடிகள், ஆனால் மூட்டை கட்டிக்கொண்டு ரோமாபுரிக்குத் திரும்புவதற்காகக் காத்திருக்கவில்லை. ரோமாபுரியின் சட்டமும் வாழ்க்கையும் பிலிப்பியில் நடக்கும்படி வாழ்ந்தார்கள். பரலோகக் குடியுரிமையும் அப்படித்தான். இங்கிருந்து தப்பிப் போவதற்கான பயணச்சீட்டு அல்ல அது. அந்த நாட்டின் நீதியை இந்த மலையில் நடத்திக் காட்டும் பொறுப்பு.

அதைப் புரிந்துகொண்டவர்கள் எண்ணெய் சேர்த்தார்கள். விண்ணப்பம் எழுதினார்கள், பிறப்புச் சாட்சிப்பத்திரம் தேடி அலைந்தார்கள், சங்கம் வைத்தார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள், பிள்ளைகளை இந்தப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. 1948இலிருந்து எண்ணினால் 55 வருடம். நாளைக்கே கிடைத்துவிடும் என்று மட்டும் நம்பியிருந்தால் முதல் ஐந்து வருடத்திலேயே விளக்கு அணைந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிறிஸ்தவ விசுவாசம் ஆன்மா பறந்துபோவதைப் பற்றியது மட்டுமல்ல, சரீரம் உயிர்த்தெழுவதைப் பற்றியது. உயிர்த்த ஆண்டவரின் கைகளில் காயம் இருந்தது. உழைத்த உடலை, அடிபட்ட உடலைக் கடவுள் தூக்கி எறிவதில்லை.

டிக்கோயா வார்லி தேவாலயத்துக்குப் போயிருப்பீர்கள். 1878இல் கட்டியது. பொகவந்தலாவைப் பக்கத்தில் தூய மரியாள் ஆலய முற்றத்தில், 1879இல் மரித்த பிரபல புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அங்கெல்லாம் துரைமாரின் கல்லறைகளில் பெயரும் தேதியும் வெட்டியிருக்கிறது. அதே காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து, வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்த நமது மக்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. 2023இல் மலையக மக்கள் வந்து இருநூறு வருடம் ஆனதை முன்னிட்டு, ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் நடந்தபோது அவர்களை நினைத்தோம். மரித்தோர் எழுவார்கள் என்று நாம் சொல்வது முதலில் அவர்களைப் பற்றியது. நாம் எழுதிவைக்காத பெயர்களைக் கடவுள் அறிவார். தெசலோனிக்கேயர் பயந்ததும் இதற்காகத்தான், மரித்துப்போன நம்மவர்கள் பின்தங்கிவிடுவார்களோ என்று. அவர்களே முந்தி எழுவார்கள் என்று பவுல் தேற்றினார்.

எழப்போகிற சரீரம் அது என்றால், இன்று கொழுந்து மலையில் நிற்கும் சரீரத்தை அட்டைக்கும் மழைக்கும் விட்டுவிட்டுப் பேச முடியாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. கடைசிக் காலத்தின் அடையாளம் என்று அப்போது சிலர் பிரசங்கித்தார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று வருடக்கணக்குக்கு முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரித்தும் ஆட்களை இடம் மாற்றாத ஒரு விஷயத்துக்கு வேதத்தின் கடைசிப் புத்தகத்தைப் பொறுப்பாக்குவது நியாயமா? அடையாளம் என்று சொல்லிக் கைகழுவுவது எளிது. பாதுகாப்பான காணியும் வீடும் கேட்டு நிற்பதுதான் எண்ணெய் சுமப்பது.

வெளிப்படுத்தின விசேஷத்தின் முடிவை ஆறுதலாக ஒருமுறை வாசியுங்கள். அங்கே மனிதர் மேலே பறந்து போகவில்லை. புதிய எருசலேம் இங்கே இறங்கி வருகிறது. கடவுள் மனிதரோடு குடியிருக்க வருகிறார், கண்ணீரைத் துடைக்கிறார். அந்த நகரத்தின் வாசல்கள் அடைக்கப்படுவதே இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்பிய மக்களுக்கும், கப்பல் துறையில் கதவடைக்கப்பட்ட மக்களுக்கும் இதைவிட நல்ல செய்தி எது? அது பயமுறுத்துவதற்காகச் சொன்னதல்ல. முன்வரிசையில் இருக்கும் சைவ, முஸ்லிம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்கிறோம்: கிறிஸ்தவர் எவராவது உலக முடிவைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தினால், அவர் எங்கள் நம்பிக்கையைச் சொல்லவில்லை.

இனிக் கடன். உவமையில் புத்தியுள்ள கன்னியர் தங்கள் எண்ணெயைப் பகிரவில்லையே என்று பலர் கேட்பார்கள். நடுராத்திரியில் கடனாகக் கொடுக்க முடியாத சில விஷயங்கள் உண்டு என்று டீச்சர் சொன்னார். படிப்பு அப்படியொன்று. நாங்கள் பெற்ற சித்தியில் பாதியை எங்கள் தோழிக்கு இன்று கொடுக்க முடியாது. ஆனால் பகல் இருந்தபோது, கடை திறந்திருந்தபோது, அவளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. அதற்காக, தோழி, எல்லோர் முன்னிலையிலும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

மன்னிப்போடு ஒரு வேலையும் ஏற்றுக்கொள்கிறோம். சங்கத்தின் செயற்குழு இதற்கு இணங்கியிருக்கிறது. இந்தத் தவணை தொடக்கம், ஒரு பிள்ளை ஒரு வாரம் தொடர்ந்து வராவிட்டால், காரணம் காசாயிருந்தாலும் நோயாயிருந்தாலும் பிரசங்கமாயிருந்தாலும், பழைய மாணவிகள் இருவர் அந்த வீட்டுக்குப் போவோம். தாய் தகப்பனோடு உட்கார்ந்து பேசுவோம். சண்டைக்குப் போகமாட்டோம், தேத்தண்ணி குடிக்கப் போவோம். பஸ் போகாத டிவிசனாயிருந்தால் நடந்து போவோம். முதல் வருடத்துக்கு எங்கள் வகுப்பே பொறுப்பு. போகிறவர்களின் பட்டியலில் முதல் பெயராகத் தன் பெயரை எழுதச் சொன்னவள் எங்கள் தோழிதான்.

பிள்ளைகளே, ஆண்டவர் வருவார் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். எப்போது என்று தெரியாது. அதுவரை பாடசாலைக்கு வாருங்கள், பரீட்சைக்குப் படியுங்கள், வீட்டில் அம்மாவுக்கு உதவுங்கள். கணக்குப் பயிற்சி செய்துகொண்டிருக்கும் நடுவிலே அவர் வந்துவிட்டால், கொப்பியை மூடாமல் இருந்த பிள்ளையைப் பார்த்து அவர் கோபிக்கமாட்டார்.

 வாரும், ஆண்டவரே. ஆமென்.